சிவப்புப் புள்ளி வைத்த சீட்டு

போன மாதம் கவிதா போன் செய்தாள். நான் வேலை பார்த்த வார இதழ் இப்போது அச்சில் வருவதில்லை, யூடியூபில் வருகிறது. அதை நடத்துகிறவர்களில் அவளும் ஒருத்தி. நான் ஓய்வு பெறுவதற்கு முன் நான்கு வருஷம் எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தவள்.

"அண்ணே, நம்ம சேனல்ல மறுபடியும் கேள்வி பதில் ஆரம்பிக்கிறோம். கேள்வி வரலேன்னா கவலையே இல்ல. ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, நிமிஷத்துல நாப்பது கேள்வி குடுக்குது. ஊர் பேரோட" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "உங்க காலத்துல கேள்வியெல்லாம் நெஜமாவே ஆளுங்க அனுப்பினதா?" என்று கேட்டாள்.

"பாதி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மீதிப் பாதியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வியாசர்பாடிக்காரன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், சங்கத்தில் கொடி பிடித்தவர். நான் டைப்பிங் முடித்து, இரண்டு அச்சகங்களில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்து, கடைசியில் ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் அந்த வார இதழில் வந்து ஒதுங்கினேன். கீழே கயிறும் படகுக்கு அடிக்கும் பெயின்ட்டும் விற்கும் கடை, மேலே நாங்கள். பெயின்ட் வாசனையில்தான் அந்த ஊரின் அரசியலையே நாங்கள் அலசினோம். அப்ரண்டிஸ் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதுகு வலித்தது, சம்பளம் பற்றவில்லை, வேலை பிடித்திருந்தது.

எனக்கு விதிக்கப்பட்ட பக்கம், ஏகாம்பரம் சாரின் கேள்வி பதில்.

சார் திருவொற்றியூர்க்காரர். கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு எழுத வந்தவர். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, நெற்றியில் விபூதி, வெயிலானாலும் மழையானாலும் கையில் குடை. மாற்றம் என்றாலே அவருக்கு ஒரு சந்தேகம். கடன் வாங்கிக் கல்யாணம் செய்யாதே, கல்யாணம் ஒரு நாள், வட்டி பத்து வருஷம் என்பார். அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பது எலிப்பொறியில் வைத்த மசால்வடை என்று எழுதுவார். வேலைநிறுத்தம் என்ற சொல்லைத் தட்டச்சு செய்யச் சொல்லும்போதே முகம் சுளிப்பார். விஞ்ஞானத்தின் மேல் அவருக்குக் கோபம் இல்லை, ஆனால் அதை முழுக்க நம்பவும் மாட்டார். "விஞ்ஞானம் நேற்று சொன்னதை இன்று மாற்றும், அம்மன் மாற்றுவதில்லை" என்று ஒரு முறை எழுதினார். அதைப் படித்து நெகிழ்ந்துபோய் வாசகர்கள் கடிதம் போட்டார்கள்.

அவர் கருத்துகளில் முக்கால்வாசி எனக்கு ஒத்துவராது. "சார், நீங்க சொல்ற எலிப்பொறி வடையிலதான் எங்க அம்மா சட்னி அரைக்கிறாங்க" என்று எங்கள் வீட்டு இலவச மிக்சியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "சட்னி நல்லா இருந்தா சரி" என்பார். ஆனால் அடுத்த வாரம் மறுபடியும் அதே வடையை எழுதுவார். இருபது வருஷத்துக்கு மேல் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே அவர் எழுத்தை நான்தான் அடித்துக் கொடுத்தேன். அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி தொழில் ரகசியம். வாரம் இருபது கேள்வி வேண்டும். அஞ்சலட்டையில் கொஞ்சம் வரும், பிற்பாடு வாட்ஸப்பில் கொஞ்சம் வரும். சார் போனைத் தொடமாட்டார். அதனால் எந்த வழியில் வந்தாலும் ஒரு முழுத் தாளை நாலாகக் கிழித்த சீட்டில் என் கையெழுத்தில் எழுதி, பணம், பக்தி, விஞ்ஞானம், அரசியல் என்று நான்கு கிளிப்பில் மாட்டி அவர் மேஜையில் வைப்பேன். நல்ல வாரத்தில் பதினைந்து தேறும். சாதாரண வாரத்தில் பன்னிரண்டு. மிச்சத்தை நானே எழுதுவேன். மணலி குமரேசன், கொருக்குப்பேட்டை சாந்தி என்றெல்லாம் பெயர் வைப்பேன். எல்லாப் பத்திரிகைகளிலும் அப்படித்தான் என்று எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லிக் கொடுத்தார். நானும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டேன்.

நான் கற்பனையாக எழுதிய சீட்டில் வலது கீழ் மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். இது சார் போட்ட விதி. ஏன் என்றால், புள்ளி இல்லாத சீட்டைக் கையில் எடுத்தால் அவர் வேறு மனிதர். படித்துவிட்டு அதைக் கவிழ்த்து வைப்பார். ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார். உடம்பைப் பற்றிய கேள்வி என்றால் தண்டையார்பேட்டையில் இருந்த டாக்டர் நண்பருக்கு லேண்ட்லைனில் பேசுவார். நிலத்தகராறு என்றால் வக்கீலிடம் கேட்பார். மூன்று வரி பதிலுக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்ட சீட்டுகள் உண்டு. புள்ளி வைத்த சீட்டு வந்தால் தண்ணீரும் கிடையாது, டாக்டரும் கிடையாது. நக்கல், நையாண்டி, பளிச்சென்று இரண்டு வரி. பக்கத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்தப் புள்ளிச் சீட்டுகள்தான்.

மெட்ரோவுக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை சுலபமாகட்டும் என்று எட்டுச் சீட்டில் முன்கூட்டியே புள்ளி வைத்துவிட்டேன். பிறகு ஏழு கேள்விதான் கற்பனையில் வந்தது. புதன்கிழமை மதியம் பக்கம் முடிக்க வேண்டும்.

"ஒன்னு குறையுதேப்பா" என்றார் சார்.

அந்த நேரத்தில் போனில் ஒரு செய்தி வந்தது. அவசரத்தில் கைக்கு அகப்பட்ட சீட்டில் அதைப் படியெடுத்து நீட்டினேன். தே. தேசிங்கு, கத்திவாக்கம். சர்க்கரை வியாதியில் கால் பெருவிரல் கறுத்துவிட்டது. விரலை உடனே எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். வருஷா வருஷம் ஆடியில் அம்மனுக்குத் தீ மிதிக்கிறேன். இந்த வருஷமும் மிதித்துவிட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா? நீங்கள் சொல்வதுதான் முடிவு.

சார் படித்தார், மூலையைப் பார்த்தார், புன்னகைத்தார். தண்ணீர் குடிக்கவில்லை. எழுதினார்: "டாக்டருக்கு எப்போதும் அவசரம். அம்மனுக்கு என்றைக்கும் அவசரம் இல்லை. அவசரப்படாதவரிடம் போய்த்தான் நமக்குப் பழக்கம்."

தட்டச்சு செய்யும்போது நானும் சிரித்தேன். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

வியாழக்கிழமை இதழ் வந்தது. சனிக்கிழமை காலை அதே எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

"அய்யா, நான் எல்லம்மா பேசறேன், கத்திவாக்கத்துலேர்ந்து. தேசிங்கு சம்சாரம். நீங்க எயுதினத எங்கூட்டுக்காரரு வலைக் கொட்டாயில அல்லாருக்கும் படிச்சிக் காட்டினாரு. அப்புறம் ஆஸ்பத்திரி சீட்ட எட்த்து அம்மன் படத்துக்குப் பின்னால சொருகிட்டாரு. தீ மிதிச்சிட்டுதான் போவாராம். வெரலு நாத்தம் எடுக்குது அய்யா. நான் சொன்னா கேக்க மாட்டாரு, டாக்டரு சொன்னா கேக்க மாட்டாரு. நீங்க போவச் சொல்லுவீங்கன்னு நம்பி அவரு பேரப் போட்டு நான்தான் கேட்டேன். இன்னா அய்யா இப்டிப் பண்ட்டீங்க?"

அந்த வாரத்துச் சீட்டுக்கட்டைப் பிரித்தேன். கத்திவாக்கம் சீட்டின் மூலையில் சிவப்புப் புள்ளி இருந்தது.

ஒரு மணி நேரம் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தச் செய்தியை அழித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அழித்தால் யாருக்கும் தெரியாது, அந்தப் பெண்ணைத் தவிர. பிறகு எழுந்து சார் அறைக்குப் போய்ப் போட்டுக் காட்டினேன்.

போனையே தொடாத மனிதர், "மறுபடி போடு" என்றார். இரண்டாவது முறை கேட்டுவிட்டு, "அதுல புள்ளி இருந்துதே?" என்றார்.

"இருந்துது சார். காலிச் சீட்டுல முன்னாடியே வெச்சிருந்தேன். கவனிக்காம அதுலயே எழுதிட்டேன்."

திட்டுவார் என்று நின்றேன். டம்ளரை எடுத்துத் தண்ணீரை முழுக்கக் குடித்தார். "புள்ளி வெச்சது நீ. பதில் எழுதினது யாரு?" என்றார்.

"கெளம்பு. எந்த ஸ்டேஷன், கத்திவாக்கமா?"

கும்மிடிப்பூண்டி ரயிலில் மீன் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனோம். கொருக்குப்பேட்டை தாண்டியதும் சார் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "இத்தனை வருஷமா எனக்கு ரெண்டு நாக்கு இருந்திருக்கு தனா. புள்ளி இருந்தா ஒன்னு, இல்லாட்டி ஒன்னு. படிக்கிறவனுக்குப் புள்ளி தெரியாதே, அத நாம யோசிக்கவே இல்லயே" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் கோபிப்பார் என்று குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

குப்பத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. "பேப்பர் படிக்கிற தேசிங்கா?" என்று கேட்டு வழிகாட்டினார்கள். அலை தடுக்கக் கொட்டிய கருங்கல், அதற்கு இந்தப் பக்கம் ஒரே வரிசையாக வீடுகள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, துணி சுற்றிய காலை ஒரு கவிழ்த்த அன்னக்கூடை மேல் நீட்டியிருந்தார் தேசிங்கு. ஐம்பது வயது இருக்கும், படகில் நின்று நின்று இறுகிய உடம்பு. சாரின் படம் கேள்வி பதில் பக்கத்தில் வாராவாரம் வருவதால் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"எம்மா, இங்க வா! சாரு நம்ம வூட்டாண்ட வந்துகீறாரு!" என்று கத்தினார். எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

எல்லம்மா உள்ளிருந்து வந்தாள். அவள் வாங்க என்று சொல்லவில்லை.

சார் உட்காரவில்லை. "தேசிங்கு, நான் எழுதினது தப்பு. இன்னைக்கே நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும். அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றார்.

தேசிங்கு சிரித்தார். "சார், நீங்க எயுதினா தப்பாவுமா? இவ போன் பண்ணி பேஜார் பண்ணிக்கீறா, அதான் எறங்கிப் பேசறீங்க. விஞ்ஞானம் நேத்து சொன்னத இன்னிக்கி மாத்தும், அம்மன் மாத்தாதுன்னு நீங்கதான எயுதினீங்க? அந்தப் பேப்பர மட்ச்சி வெச்சிக்கீறேன் சார்."

"அதுவும் நான் எழுதினதுதான். கேக்க நல்லா இருக்கும். உங்க காலுக்கு உதவாது. நான் காலைல பிரஷர் மாத்திரை போட்டுக்கிட்டு, அப்புறம்தான் விபூதி வெச்சுக்கிறேன். அத எழுதினதில்ல."

"கடல்ல போறவன் அம்மனுக்குச் சொன்ன சொல்ல மாத்தலாமா? நீங்களே சொல்லுங்க."

"அம்மன்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க டாக்டர்கிட்ட போங்க."

தேசிங்கின் முகம் மாறியது. நாற்காலியில் சாய்ந்து சாரையே பார்த்தார். "அப்ப அன்னிக்கி ஏன் சார் அப்டி எயுதினீங்க?"

ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். சார் சொல்லவில்லை. கேள்வி போதாத வாரங்களில் ஆபீசிலேயே எழுதிக்கொள்வோம் என்றார். அப்படி எழுதின சீட்டுக்கு ஒரு புள்ளி வைப்போம், அதற்கு விளையாட்டாகப் பதில் எழுதுவேன், உங்கள் சீட்டில் தவறிப் புள்ளி விழுந்துவிட்டது என்றார். ஒளிவுமறைவு இல்லாமல், மெதுவாகச் சொன்னார்.

"அப்ப எம் புருசன் காலு உங்களுக்குத் தமாசு" என்றாள் எல்லம்மா. "யாருய்யா வெச்சது அந்தப் புள்ளிய?"

நான் சாருக்கு ஒரு அடி பின்னால் குடையோடு நின்றுகொண்டிருந்தேன். அவள் பார்வை என் மேலும் வந்து போனது.

"பதில் எழுதினது நான்தாம்மா" என்றார் சார்.

தேசிங்கு அதைவிடப் பெரிய கேள்வியில் இருந்தார். "அப்ப மத்ததெல்லாம்? கடன் வாங்காதன்னீங்க, எம் பொண்ணு கண்ணாலத்துக்கு நான் கடன் வாங்கல, மாப்ள வூட்ல மூஞ்சி தூக்கினாங்க. எலவசம் வாங்காதன்னீங்க, குப்பமே வாங்குச்சி, நான் கியூல நிக்கல. இவ இன்னிக்கி வரைக்கும் அம்மில அரைக்கிறா. அதெல்லாம் புள்ளி வெச்சதா, வெக்காததா?"

"எது எதுன்னு எனக்கு இப்ப ஞாபகம் இல்ல தேசிங்கு" என்றார் சார். என் காதில் விழுந்ததிலேயே அவர் சொன்ன மிகக் கஷ்டமான வாக்கியம் அதுதான்.

பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. "அதை எங்க படிச்சீங்க? அந்தக் கொட்டகை எங்க இருக்கு?" என்று கேட்டார். இருபதடி தூரத்தில் ஆறேழு பேர் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். சார் அங்கே போய் நின்று, தன் பெயரைச் சொல்லி, போன வியாழக்கிழமை தேசிங்கு படித்துக் காட்டிய தன் பதில் தவறானது, காலில் விரல் கறுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அம்மன் பேரைச் சொல்லி தான் அதைத் தள்ளிப் போடச் சொன்னது பாவம் என்று சத்தமாகச் சொன்னார். ஊசியை நிறுத்திவிட்டு எல்லோரும் பார்த்தார்கள். அவர்களில் பெரியவர் ஒருவர் எழுந்து, "டேய் தேசிங்கு, அவ்ளோ பெரிய மன்சன் வந்து நம்ம கொட்டாயில நின்னுகினு கீறாரு. போடா" என்றார்.

எல்லம்மா ஏற்கெனவே உள்ளே போயிருந்தாள். அம்மன் படத்துக்குப் பின்னாலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

அரசு ஆஸ்பத்திரியில் அன்று மாலையே சேர்த்துக்கொண்டார்கள். பெருவிரல் போயிற்று. பக்கத்து விரலும் போயிற்று. கால் தப்பியது. இரண்டாவது விரல் முன்பே கெட்டிருந்ததா, இதழ் வந்த பிறகு அந்த மூன்று நாளில் கெட்டதா என்று டாக்டரிடம் கேட்டேன். "அதெல்லாம் யாரும் சொல்ல முடியாதுங்க" என்றார். எனக்கு அதுவே தண்டனையாக இருந்தது.

அடுத்த இதழுக்கு சார் தன் கைப்பட ஒரு மறுப்பு எழுதினார். அதுவரை அவர் மறுப்பே போட்டதில்லை. புள்ளி வழக்கம் முழுவதையும் அதில் போட்டு உடைத்துவிட்டார். முதலாளி ஆபீசுக்கு வந்து குதித்தார். "நம்ம தலையில நாமே மண்ண வாரிப் போட்டுக்கணுமா?" என்றார். சார், போடாவிட்டால் பக்கத்தையே எழுதமாட்டேன் என்றார். நான் தட்டச்சு செய்துவிட்டு, "சார், புள்ளி வெச்சது நான்னு ஒரு வரி போட்டுடலாமா?" என்று கேட்டேன்.

"பக்கத்துல என் பேர்தானே இருக்கு" என்றார்.

அன்று எனக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படி நிம்மதி அடைந்ததை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கே வெறுப்பு வருகிறது.

அதன் பிறகு நான் ஒரு கேள்வியும் எழுதவில்லை. பக்கம் அரைப்பக்கம் ஆயிற்று. வாசகர்கள் பலர் ஏமாற்றுக்காரன் என்று அட்டை போட்டார்கள். ஒரு வாரம் மூன்றே கேள்விதான் வந்தன. மூன்றுக்குப் பதில் எழுதி, மிச்ச இடத்தில் பனியன் விளம்பரம் போட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் எல்லம்மாவின் எண்ணிலிருந்து தேசிங்கு பேசினார். "சாராண்ட சொல்லுங்க. கேள்வி இல்லன்னு நீங்களா எயுதிக்கினீங்களாமே. இனிமே நாங்க அனுப்பறோம்."

வாராவாரம் வலைக் கொட்டகையிலிருந்து ஏழெட்டுக் கேள்வி வந்தது. சுலபமான கேள்விகள் இல்லை. கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் விழுந்து இறால் செத்தால் யாரைக் கேட்பது? கடன் வாங்காதே என்கிறீர்கள், இன்ஜின் ரிப்பேருக்கும் டீசலுக்கும் கடன் வாங்காமல் எப்படிக் கடலுக்குப் போவது? அரசாங்கம் மீன்பிடித் தடைக்காலத்தில் கொடுக்கும் பணமும் எலிப்பொறி வடையா? சார் தண்ணீர் குடித்துக் குடித்து எழுதினார். கட்சி மாறவில்லை, விபூதி குறையவில்லை. ஆனால் வடை அந்தப் பக்கத்தில் மறுபடி வரவில்லை. எனக்குத் தெரியாது என்ற பதில் அடிக்கடி வந்தது.

ஆடி முடிந்த பிறகு தேசிங்கு தன் பேரிலேயே ஒரு கேள்வி அனுப்பினார். "இதழ் வந்த அன்றைக்கே போயிருந்தால் என் இரண்டாவது விரல் தப்பியிருக்குமா?"

சார் அந்தச் சீட்டை இரண்டு வாரம் கவிழ்த்து வைத்திருந்தார். பிறகு எழுதினார்: "தெரியாது. தப்பியிருக்கலாம். அந்தத் தாமதம் என்னுடையது."

நான் அதை அப்படியே தட்டச்சு செய்தேன். தாமதம் அவருடையது மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. கடைசி வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாவுக்குத் தேசிங்கு இரண்டு விரல் இல்லாத காலில் செருப்பை நாடாவால் கட்டிக்கொண்டு வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல மன்சன் சார், தப்பப் பண்ணாரு, ஆனா ஒத்துக்கினாரு" என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

கவிதாவுக்கு நேற்று போன் செய்து, சாஃப்ட்வேர் வேண்டாம், ஒரு நம்பர் தருகிறேன், கேள்வி வரும் என்று எல்லம்மாவின் எண்ணைக் கொடுத்தேன். இந்தக் கட்டுரை வேறொரு பத்திரிகையில் அச்சாகிறது, அதில் ஒரு பிரதியைக் கத்திவாக்கத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கொட்டகையில் இன்றைக்கும் தேசிங்குதான் படிக்கிறாராம்.

தேசிங்கு அண்ணே, இதைச் சத்தமாகப் படியுங்கள். எல்லம்மா கேட்கட்டும். அன்றைக்கு உங்கள் வாசலில் சாருக்குப் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் ஞாபகம் இருக்கிறதா? அந்தப் புள்ளியை வைத்தவன் நான்தான்.